துண்டு பிடிக்கிறவர்

காசிமேட்டில் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அங்கே குத்துச்சண்டை சொல்லிக் கொடுப்பவர் பெயர் சூசன்னா. எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட இரண்டு வயது பெரியவனான யோவானும் அப்படித்தான் கூப்பிடுவான்.

கொட்டகையின் நடு விட்டத்தில் ஒரு தூளி தொங்கும். அதில் மாஸ்டருடைய ஏழு மாதக் குழந்தை தூங்கும். தூளியைத் தாண்டிப் போகிறவர்கள் ஒரு தடவை ஆட்டிவிட்டுப் போகவேண்டும். குழந்தை தூங்கும்போது யாரும் கத்தக்கூடாது. குத்து வாங்கினால்கூட மெதுவாகத்தான் "அம்மா" என்பார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அங்கே யாரும் தன் கிளவுஸைத் தானே கட்டிக்கொள்ள மாட்டார்கள். கூட ஆடுகிறவன்தான் கயிறு கட்டவேண்டும். கயிறு கட்டுகிறவன்தான் போட்டி அன்றைக்கு மூலையில் துண்டு பிடிக்கவேண்டும். இனிமேல் இவன் ஆடவேண்டாம் என்று தோன்றினால், துண்டை ரிங்குக்குள் எறிகிற உரிமை அவனுக்கு மட்டும்தான். துண்டு விழுந்தால் அந்த மூலைக்காரன் தோற்றதாக அர்த்தம்.

ஆறு வருஷமாக யோவானுக்குக் கயிறு கட்டினவன் முனிரத்தினம். இரண்டு பேரும் துறைமுகத்தில் மீன் பெட்டி தூக்குகிறவர்கள்.

ஒன்பது நாளாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

ஆரம்பித்தது ஒன்றுமில்லாத விஷயம்தான். உலகத்திலேயே பெரிய பாக்ஸர் யார் என்று கொட்டகையில் டீ குடிக்கும்போது பேச்சு வந்தது. யோவான் முகமது அலி என்றான். முனிரத்தினம் டைசன் என்றான்.

"அலி கையைத் தொங்கவிட்டே ஆடுவார்டா. எதிராளிக்கு எங்க அடிக்கறதுன்னே தெரியாது."

"டைசன் தாடையை மூடிக்கினு உள்ள பூந்தா, உங்க அலி எங்க போவாரு?"

"நீ இன்னா கூடப் போய்ப் பார்த்தியா?"

"நீ போய் அலிக்குத் தண்ணி குடுத்தியா?"

சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் முனிரத்தினம் டம்ளரைக் கீழே வைத்தான்.

"யோவானு, நீயும் ரெண்டு வாரமா இடது கையைத் தொங்கவிட்டுத்தான் ஆடுற. அது அலி ஆட்டம் இல்ல. அப்படியே ரிங்குல ஏறினா, மொத ரவுண்டுலயே நான் துண்டைப் போட்டுருவேன்."

"என் துண்டை நீ தொடாத," என்று யோவான் கத்திவிட்டான். குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

அன்றிலிருந்து இரண்டு பேரும் தனித்தனியாகச் சாக்கு மூட்டையைக் குத்திக்கொண்டிருந்தார்கள்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. யோவானுக்கு இதுதான் கடைசி. அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும். பேர் கொடுக்கும் தாளை இன்றைக்கு மத்தியானத்துக்குள் கொண்டு போய்க் கொடுக்கவேண்டும்.

காலையில் மாஸ்டர் கீழே உட்கார்ந்து துவைத்த துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். கைக்குச் சுற்றும் துணி ஒரு பக்கம், குழந்தைத் துணி ஒரு பக்கம். போன வாரம் ஒருத்தன் குழந்தைத் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் ஆடிவிட்டான்.

யோவான் வந்து எதிரே உட்கார்ந்து தாளை நீட்டினான்.

மாஸ்டர் படித்தார். "எல்லாம் எழுதிட்ட. ஒரு கட்டம் காலியா இருக்கே. துண்டு பிடிக்கிறவர் பேர்."

"நீங்களே நில்லுங்க மாஸ்டர்."

"நான் நிப்பேன். துண்டைத் தொடமாட்டேன். இங்கத்து வழக்கம் உனக்குத் தெரியாதா?"

"அந்தப் பேர் இல்லாம ரிங்குல ஏத்தமாட்டாங்களே."

"ஏத்தமாட்டாங்க."



"நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும் மாஸ்டர். பெரிய பாக்ஸர் யாரு? அலியா, டைசனா? நீங்க சொன்னா அவன் கேட்டுக்குவான். வந்து கட்டிவிடுவான்."

"இடது கையைத் தூக்கு."

"எதுக்கு மாஸ்டர்?"

"தூக்கு."

யோவான் தூக்கினான். காது வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே ஏற்றப் பார்த்தான். ஏறவில்லை.

"பெட்டி தூக்கினதுல லேசா பிடிச்சுக்கிச்சு," என்றான். "யார்கிட்டயும் சொல்லல."

"சரி. இறக்கு."

மாஸ்டர் ஒரு குழந்தைத் துணியை நான்காக மடித்து வைத்தார்.

"போன வருஷம் சேலத்துல எனக்கு அரையிறுதி. என் மூலையில துண்டோட பிலோமினா. மொத ரெண்டு ரவுண்டும் என்னுது. மூணாவதுல முக்கால் நிமிஷம்தான் பாக்கி. எதிர்ல இருக்கிறவளுக்கு நிக்கவே தெம்பு இல்ல. பிலோமி மட்டும் கத்திக்கினே இருந்தா. கையைத் தூக்குடி, கையைத் தூக்குடின்னு. நான் தூக்கித்தான் வெச்சிருக்கேன்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"கால்கிட்ட துண்டு விழுந்துச்சு."

"ஜெயிக்கிற ஆட்டத்துலயா?"

"ஜெயிக்கிற ஆட்டத்துல."

"அடிப்பாவி," என்றான் யோவான்.

"அதைவிட மோசமாத்தான் நானும் திட்டினேன். பஸ்ல தனியா உக்காந்தேன். விழுப்புரத்துல இட்லிப் பொட்டலம் வாங்கியாந்து பக்கத்துல வெச்சா. ஜன்னல் வழியா வீசிட்டேன்."

"ஏன் போட்டாங்கன்னு கேக்கலயா?"

"கேக்கல. கோவத்துல இருந்தா கேள்வியா வரும்? ஒரு வாரம் கழிச்சுக் காலையில வாந்தி. ஆஸ்பத்திரியில போய்ப் பார்த்தா ரெண்டு மாசம்னாங்க."

யோவான் தூளியைப் பார்த்தான்.

"அன்னிக்கே அவ வீட்டுக்குப் போனேன். வாசல்ல மீன் ஆஞ்சுக்கினு இருந்தா. நிமிர்ந்துகூடப் பாக்கல. 'உன் கை மூஞ்சியை விட்டுட்டு வயித்தைப் போய் மூடிச்சு'ன்னா. 'நானும் ரெண்டு பெத்தவ, எனக்குத் தெரியாதா'ன்னா."

"உங்களுக்கே தெரியாதா மாஸ்டர்?"

"எனக்குத் தெரியாது. கைக்குத் தெரிஞ்சிருக்கு. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"அதைத்தான் நானும் கேட்டேன். 'கை இறங்கினப்புறம்தான் எனக்கே புரிஞ்சுது, அப்ப உன் காதுல எது ஏறும்'னா. மீனைக் கழுவி எடுத்துட்டு, 'சாப்பிட்டுட்டுப் போ, இதையும் வீசிடாத'ன்னா."

யோவானுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடங்கிவிட்டது. இடது தோளை வலது கையால் மெதுவாகப் பிடித்துக்கொண்டான்.

"என் தோளைப் பத்தி முனிரத்தினம் உங்ககிட்ட சொன்னானா?"

"இல்ல. ஒன்பது நாளா அவன் என்கிட்டயும் பேசல."

வெளியே ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டது. குழந்தை புரண்டு படுத்தது.

"அந்த சேலம் போட்டியில கடைசியா யாரு ஜெயிச்சா மாஸ்டர்?"

மாஸ்டர் யோசித்தார். "பேர் மறந்துபோச்சு."

யோவான் தாளை எடுத்துப் பார்த்தான். திரும்பவும் கீழே வைத்தான்.

"இப்பவாவது சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். எனக்கு மட்டும். இதுவரைக்கும் வந்தவங்கள்ல பெரிய பாக்ஸர் யாரு?"

மாஸ்டர் பேனா மூடியைப் பல்லால் கடித்து எடுத்தார். தாளை முழங்காலில் வைத்துக் காலிக் கட்டத்தின் மேல் பேனாவைக் கொண்டுபோனார்.

"நீ சொல்லு, நான் எழுதறேன். துண்டு பிடிக்கிறவர், முகமது அலின்னு போடட்டுமா?"

யோவான் நிமிர்ந்து பார்த்தான்.

ரிங்குக்கு அந்தப் பக்கம் முனிரத்தினம் ஒரு கிளவுஸை எப்படியோ மாட்டியிருந்தான். இன்னொன்றின் கயிற்றைப் பல்லில் கடித்து இழுத்துக்கொண்டிருந்தான். கயிறு நழுவியது. மறுபடி கடித்தான். மறுபடியும் நழுவியது.

யோவான் எழுந்தான். போகிற வழியில் தூளியை ஒரு தடவை ஆட்டிவிட்டுப் போனான்.