முதல் வாய் முதலாளிக்கு

உடுமலை பஸ் ஸ்டாண்டில் சென்னியப்பன் திறந்த பர்கர் கடையின் விளம்பரப் படத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! காக்காய்கூட அந்தப் பர்கரைச் சுற்றிக்கொண்டுதான் பறக்கும். தட்டில் வருவதோ லாரி ஏறி நசுங்கிய இட்லி.

ஒருநாள் ஜனம் திரண்டு, "படத்துல ஒண்ணு, தட்டுல ஒண்ணா?" என்று கத்தியது.

சென்னியப்பன் அசரவில்லை. சமையல்காரியைக் காட்டினார். "எல்லாம் இந்த மயிலாத்தா கைக்கோளாறுங்க. ஏம்புள்ள, இப்பவே அச்சு அசலா படத்துல இருக்கற மாதிரி செஞ்சு கொண்டா. இல்லாட்டி வேலைய விட்டு நட!"

மயிலாத்தாளுக்கு வெகுநாளாகவே ஒரு சந்தேகம். அந்தப் படம் எடுத்தபோது முதலாளி கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு அங்கே கிடந்த குப்பையை அள்ளியவள் அவள்தான். விறுவிறுவென்று உள்ளே போனாள்.

வெளியே வந்தபோது கையில் பர்கர், படத்திலிருந்து இறங்கி வந்தது போல மினுமினுத்தது! ஜனம் வாயைப் பிளந்தது.

"எதைச் செஞ்சாலும் மொதல் வாய் மொதலாளிக்குன்னு நீங்க போட்ட வழக்கமுங்களே. சாப்பிடுங்க" என்று நீட்டினாள்.

சென்னியப்பன் துள்ளிப் பின்வாங்கினார். "அட போ புள்ள! பஞ்சையும் பசையையும் பூட் பாலிஷையும் மனுசன் திம்பானா?"

"உள்ள என்ன வெச்சேன்னு நான் இன்னும் சொல்லவே இல்லீங்களே. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க?"

கூட்டம் மெல்ல அவர் பக்கம் திரும்பியது.

"சொன்ன மாதிரியே செஞ்சுட்டேன். நாளைக்கு வேலைக்கு வரலாமுங்களா?"

படத்தைக் கழற்ற யாரோ ஏணி தேடுகிற சத்தம் கேட்டது.

"வா தாயி, வா" என்றார் சென்னியப்பன்.