குழந்தைவேலின் காலிப் பக்கம்

கோவையில் ஒரு மோட்டார் பம்புக் கடைக்கு மேலே, வாடகை மாடியில் தியான வகுப்பு நடத்திவந்தார் தமயந்தி. வயது நாற்பதுக்கு மேல் இருக்காது. பழக வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிடப் பெரியவர்கள். ஆனாலும் எல்லோருக்கும் அவர் அம்மாதான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மனதை அரிக்கும் கேள்வி எதுவோ, அதைச் செல்போனில் இருக்கும் குறிப்பு ஆப்பில் எழுதிவைக்க வேண்டும். கேள்வி தீர்ந்துபோனால் அந்தக் குறிப்பை ஆர்க்கைவில் போட்டுவிடலாம். முன்பக்கத்திலிருந்து மறைந்துவிடும், அழிந்துபோகாது. தீர்ந்ததா இல்லையா என்பதை எழுதியவரே முடிவு செய்துகொள்ள வேண்டும். அம்மா யாரையும் விசாரித்ததில்லை.

குழந்தைவேல் நூல் மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடமாக வகுப்புக்கு வருகிறார், ஒரு நாளும் தவறியதில்லை. அவருடைய முன்பக்கம் விரலால் தள்ளத் தள்ளக் கீழே போய்க்கொண்டே இருக்கும். அது ஒரு குறையாக அவருக்குத் தெரிந்ததில்லை, இந்துமதி வந்து சேரும்வரை.

இந்துமதி பல் டாக்டர். பொங்கலுக்குப் பிறகு சேர்ந்தவள். சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள், பாதி நாள் தாமதமாக வருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தியானம் முடிந்து அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது, பாயின்மேல் அவளுடைய போன் திறந்தபடி கிடந்தது. அடுத்தவர் போனை எட்டிப் பார்க்கக் கூடாது என்று குழந்தைவேலுக்குத் தெரியும். எட்டிப் பார்த்தார்.

குறிப்புப் பக்கம் காலியாக இருந்தது. ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஆர்க்கைவுக்குப் போயிருந்தன.

அவருக்கு வயிறு எரிந்தது. இதை வேறு நல்ல வார்த்தையில் சொல்லி மழுப்ப வேண்டியதில்லை, பொறாமைதான். வீட்டுக்குப் போய் இரண்டு சொம்பு மோர் குடித்தும் அடங்கவில்லை.

போதாததற்கு அன்று வகுப்பு கலையும்போது அம்மா ஒரு செய்தியும் சொல்லியிருந்தார். ஈரோட்டில் புதிதாக ஒரு வகுப்பு தொடங்கப் போவதாகவும், அதை நடத்த இங்கிருந்து ஒருவரை அனுப்பப் போவதாகவும், யார் என்பதை அடுத்த ஞாயிறு சொல்வதாகவும்.

குழந்தைவேலுக்கு அந்த இடம் வேண்டும். மில்லை விட்டு வந்த பிறகு அவரை யாரும் எதற்கும் முன்னால் நிறுத்தியதில்லை. வீட்டில் என்ன காய் வாங்கலாம் என்றுகூடக் கேட்பதில்லை. ஈரோட்டில் ஓர் அறை நிறைய ஆட்கள் தன் சொல்லுக்காகக் கண்மூடிக் காத்திருப்பதை அந்த வாரம் முழுக்க நினைத்து நினைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கடைசியில் அவருடைய இடத்தில் இந்துமதி உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். கீழே காரில் உட்கார்ந்தபடியே தன் குறிப்புகள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஒரே தட்டாகத் தட்டி ஆர்க்கைவுக்கு அனுப்பினார். பிறகு மாடியேறினார். அம்மா தனியாகப் பாய் விரித்துக்கொண்டிருந்தார்.

"என்ற பக்கம் காலியாயிருச்சுங்கம்மா," என்று போனை நீட்டினார்.

"நல்லதுங்கண்ணா. எல்லாம் தீர்ந்துருச்சுங்களா?"

"தீர்ந்துருச்சுங்க."

"அப்பச் சரி. இப்ப இந்த நிமிசம் மனசுல என்ன இருக்குதோ, அதைப் புதுசா ஒண்ணு எழுதுங்க."

'நான் யார்?' என்று எழுதலாமா என யோசித்தார். அம்மாவுக்குப் பிடிக்கும். ஆனால் விரல் ஒத்துழைக்கவில்லை. கடைசியில் இருந்ததைத்தான் எழுதினார். எழுதிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போடப் போனவரிடம் அம்மா கை நீட்டினார். கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

'இந்துமதிக்கு மட்டும் எப்படி?'

அம்மா படித்தார். முகம் மாறவில்லை. மேலே இருந்த தேடும் கட்டத்தைத் தொட்டு, 'மட்டும்' என்று அடித்து, போனை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

அந்தச் சொல் இருந்த குறிப்புகளெல்லாம் ஆர்க்கைவிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்தன. மில்லில் ஜி.எம். ஆன ரங்கசாமிக்கு மட்டும் எப்படி? எதிர் வீட்டுக்காரர் பையனுக்கு மட்டும் எப்படி? சம்பந்தி வீட்டுக்கு மட்டும் எப்படி? ஆட்கள்தான் மாறியிருந்தார்கள். குழந்தைவேல் தள்ளிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றுவிட்டது.

'அண்ணன் சாவுக்கு மட்டும் எப்படி அவ்வளவு கூட்டம்?'

அவர் பாயில் உட்கார்ந்துவிட்டார். காதெல்லாம் சூடாகிவிட்டது. கூடப்பிறந்தவரை எரித்துவிட்டு வந்த ஈரம் காயும் முன்னே எழுதியது அது.

"இதைப் போய் எழுதியிருக்கேனுங்கம்மா."

அம்மா அடுத்த பாயை விரித்தார்.

மறுபடி குழந்தைவேலே கேட்டார். "அந்த இந்துமதிப் புள்ளை ஆர்க்கைவ்லயும் இப்படித்தான் இருக்குமுங்களா?"

"நான் பார்த்ததில்லீங்க."

"ஈரோட்டுக்கு யாருங்க?"

"இந்துமதிதானுங்க."

தெரிந்ததுதான். இருந்தும், போன வாரம் எரிந்த அதே இடத்தில் மறுபடி எரிந்தது. இவ்வளவு பார்த்த பிறகும் எரிகிறதே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. போனைப் பார்த்தார். முன்பக்கத்தில் அந்த ஒரு குறிப்பு மட்டும் இருந்தது.

"இதை எப்பங்கம்மா உள்ள போடறது?"

அம்மா கடைசிப் பாயின் மடிப்பைக் காலால் நீவிவிட்டு நிமிர்ந்தார்.

"ஈரோட்டு வகுப்புக்கு நல்ல கூட்டம் வரோணும்னு உங்களுக்கே தோணுற அன்னைக்குப் போடுங்கண்ணா."