கிரகணத்துக்கு ஒரு ராஜா

ஈரக் களிமண் பலகையில் நாணல் குச்சியால் குத்திக் குத்தி மனிதர்கள் எழுதிக்கொண்டிருந்த முன்னொரு காலத்தில், இரண்டு பெரிய ஆறுகளுக்கு நடுவே ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு அரசன் போர்க்களத்தில் அஞ்சாதவன்தான். ஆனால் கோயில் பாடகர்கள் பழைய ஊழிவெள்ளப் பாட்டை எடுத்தால் போதும், முகம் வெளுத்துவிடும்.

ஒருநாள் அந்தப் பாட்டில், மனிதர்கள் போட்ட கூச்சலால் தூக்கம் கெட்ட தேவர்கள் கோபித்துக்கொண்டு வெள்ளத்தை அனுப்பினார்கள் என்று ஒரு வரி வந்தது. அரசன் துள்ளி எழுந்தான்.

"இனி நம் நகரத்தில் யாரும் சத்தம் போடக் கூடாது. மீறினால் சிறை!"

வானத்தைப் பார்த்துக் குறி சொல்லும் தலைமைக் குறிகாரர் நாதின், "அரசர் தேவர்களின் மனமறிந்தவர்" என்று தாடியை நீவிக்கொண்டார்.

மறுநாள் காலை, அரசவை விகடன் அப்பிலு ஒரு ஆளைக் கையைக் கட்டிச் சபைக்கு இழுத்து வந்தான். வாய் திறக்காமல் சைகையாலேயே வணங்கினான்.

"பேசு, அனுமதி தந்தோம்" என்றான் அரசன்.

"அரசே, தங்கள் ஆணையை மீறியவனைப் பிடித்து வந்திருக்கிறேன். தெருத்தெருவாக முரசறைந்து, தொண்டை கிழியக் கத்தினான். தொட்டில் குழந்தைகள் எல்லாம் அலறி எழுந்துவிட்டன."

"அப்படி என்ன கத்தினான்?"

"'யாரும் சத்தம் போடக் கூடாது, இது அரசர் ஆணை' என்று."

அரசன் ஒரு கணம் விழித்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். ஆணை அன்றே ரத்தானது. சபை முழுக்கச் சிரித்தது, நாதினைத் தவிர. அன்றிலிருந்து அப்பிலுவைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சமயம் சீக்கிரமே வாய்த்தது. கோயிலின் படிக்கட்டுக் கோபுர உச்சியில் இருந்து வானத்தைக் கணக்குப் போட்ட நாதின், சடங்கின் சாசனம் எழுதிய ஒரு பழைய மண்பலகையோடு இறங்கி வந்தார்.

"அரசே, இன்றிலிருந்து முப்பதாம் நாள் உச்சிப்பொழுதில் சூரியன் மறையும். கிரகணத்தின் தீங்கு சிங்காசனத்தில் இருப்பவரையே தேடி வரும். தப்ப ஒரே வழி, தங்களுக்குப் பதிலாக வேறொருவனை அரசனாக அமர்த்துவது. கிரகணம் விட்டதும் அவன் நஞ்சருந்தித் தீங்கைத் தன்னோடு கொண்டுபோக வேண்டும். சடங்கைப் பாதியில் விட்டால் தீங்கு நாட்டின் மேலேயே விழும்."

அரசன் சிங்காசனத்தை விட்டுச் சட்டென்று எழுந்தான். "யாரை அமர்த்துவது?"

"தங்கள் அன்புக்குரிய அப்பிலுவைத்தான். முன்பின் தெரியாதவனை வைத்தால் தேவர்கள் ஏமாற மாட்டார்கள்."

அரசன் மறுத்துப் பேச வாயெடுத்தான். ஊழிவெள்ளப் பாட்டு நினைவுக்கு வந்தது. அப்பிலுவின் முகத்தைப் பார்க்காமல் மெல்லத் தலையசைத்தான்.

வீட்டில் அப்பிலுவின் மனைவி நாரம்தா அழவில்லை. கணவனின் துணிகளை மூட்டையாகக் கட்டினாள்.

"கிளம்புங்க. ஆத்தைத் தாண்டிட்டா எங்க அண்ணன் ஊரு. யாரும் தேடி வர மாட்டாங்க."

"நான் போயிட்டா அந்த நாற்காலி காலியா கிடக்குமா? நம்ம தெருக் குயவனைப் புடிச்சு உக்கார வைப்பாங்க. அவனுக்கு அஞ்சு புள்ளைங்க."

"ஊரு புள்ளைங்க எல்லாம் கண்ணுக்குத் தெரியுது, நான் தெரியலையா?"

அப்பிலு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு மூட்டையை அவிழ்த்து, துணிகளைத் திரும்பக் கொடியில் போட்டான்.

முடிசூட்டு நாளில் நாதின் சபைக்கு விதிகளை எடுத்துச் சொன்னார். "தேவர்கள் நம்ப வேண்டுமானால் இவர் முழு அரசராக இருக்க வேண்டும். இவர் வாக்கே சட்டம். பழைய அரசர் முப்பது நாளும் உழவர். அவரை 'உழவனே' என்றுதான் அழைக்க வேண்டும்."

"நல்ல விதி" என்றான் அப்பிலு.

பத்து நாள் கழித்துக் கீழ்வாய்க்கால் ஊர்க்காரர்கள் அரண்மனை வாசலுக்கு வந்து நின்றார்கள். வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது, பார்லிக் கதிர் பால் பிடிக்காமல் காய்கிறது என்றார்கள். அப்பிலு உடனே ஆணையிட்டான். "நகரத்தில் உள்ள உழவர் ஒருவர் விடாமல் மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்க வேண்டும்." பிறகு பழைய அரசன் பக்கம் திரும்பினான். "உழவனே, உன்னையும் சேர்த்துத்தான்."

நாதின் பதறினார். "அரசே! இவர்... இவர் எப்படி?"

"ஏன், இவர் உழவரில்லையா? அரசர் என்கிறீர்களா? தேவர்கள் காதில் விழும்படி உரக்கச் சொல்லுங்களேன்."

அப்படித்தான் அந்த நாட்டின் அரசன் முழங்கால் சேற்றில் இறங்கினான். முதல் நாள் உள்ளங்கை கொப்புளித்தது. இரண்டாம் நாள் கொப்புளம் உடைந்தது. நான்காம் நாள், காய்ந்த ரொட்டியையும் வெங்காயத்தையும் கடித்துக்கொண்டு மற்றவர்களோடு கரையில் உட்கார்ந்திருந்தபோது, தனக்கு இப்படிப் பசித்து எத்தனை வருஷமாயிற்று என்று யோசித்துப் பார்த்தான்.

வேலையைப் பார்க்க வந்த அப்பிலுவின் அருகே தயங்கித் தயங்கி வந்தான்.

"ஏழு வருஷமாகத் தூர் வாரவில்லையாம். என்னிடம் யாருமே சொல்லவில்லையே?"

"சொல்ல வந்தார்கள். இன்று நாள் சரியில்லை, நாளை நட்சத்திரம் சரியில்லை என்று நாதின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்."

அரசன் மண்வெட்டியைச் சேற்றில் ஊன்றினான். "ஆதியில் தேவர்களே வாய்க்கால் வெட்டினார்களாம். வேலை தாளாமல் போனதால்தான் களிமண்ணைப் பிசைந்து மனிதனைச் செய்தார்களாம். அந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டிருப்பேன்! அந்தக் களைப்பு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது." பிறகு தணிந்த குரலில் சொன்னான்: "என் பயத்துக்காக உன்னைக் கொடுத்துவிட்டேன், அப்பிலு."

"இன்னும் கொடுத்து முடியவில்லையே" என்றான் அப்பிலு. சிரிக்க முயன்றான், சிரிப்பு சரியாக வரவில்லை.

இருபத்தெட்டாம் நாள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. கடைசி வயல் வரை பாய்ந்தது. அன்று பிற்பகல் அப்பிலு கோயிலில் மண்பலகைகள் வைத்திருக்கும் அறைக்குப் போய், அங்கிருந்த எழுத்தரிடம் அந்தப் பழைய சாசனத்தை மூன்று முறை வாசித்துக் காட்டச் சொன்னான். மூன்றாம் முறை கேட்டபின் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். பல நாளுக்குப் பிறகு வாய்க்கு ருசி தெரிந்தது.

முப்பதாம் நாள் உச்சிப்பொழுதில் வெயில் சாம்பல் நிறமானது. பறவைகள் கூடு திரும்பின. ஊர் மூச்சடக்கி நின்றது. மெல்ல ஒரு விளிம்பில் ஒளி கசிந்து, சூரியன் முழுதாக வெளியே வந்தான். மக்கள் பெருமூச்சு விட்டார்கள். நாதின் வெண்கலக் கிண்ணத்தோடு சபைக்குள் வந்தார். சேற்றுக் காலோடு ஒரு தூணருகே நின்ற பழைய அரசன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அரசே, நேரம் வந்துவிட்டது."

"முதலில் சாசனத்தைச் சபைக்கு வாசியுங்கள்" என்றான் அப்பிலு.

நாதின் கணீரென்று வாசித்தார். "'கிரகணம் விட்டபின் சிங்காசனத்தில் அமர்ந்திருக்கும் அரசன் இறக்க வேண்டும். அப்போது தீங்கு விலகும்.'"

"நல்லது. கிரகணத்தின்போது இருந்தவன் என்று இல்லை. விட்டபின் இருப்பவன். அப்படித்தானே?"

"அப்படித்தான்" என்றார் நாதின், எரிச்சலோடு.

"என் வாக்கு இன்னும் சட்டம்தானே?"

"கடைசி மூச்சு வரை."

"அப்படியானால் இது என் கடைசி ஆணை." அப்பிலு எழுந்தான், மகுடத்தைக் கழற்றினான். "எனக்குப் பின் சிங்காசனம் ஒரு நொடியும் வெறுமையாக இருக்கக் கூடாது. நாட்டின் நன்மைக்காக அல்லும் பகலும் வானத்தைப் பார்த்த நாதினை அரசராக்குகிறேன்."

நாதினின் கண் மகுடத்தில் நிலைகுத்தியது. விகடன் சாகப்போகிறான், பழைய அரசன் சேற்றில் நிற்கிறான். அந்த ஒரு கணத்தில் அவர் மனம் எங்கெங்கோ போய் வந்தது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே படியேறி அமர்ந்தார். அப்பிலு மகுடத்தை அவர் தலையில் வைத்து, அவர் கொண்டு வந்த நஞ்சுக் கிண்ணத்தை அவர் பக்கமே பணிவோடு நகர்த்தினான்.

"அரசே, பருகுங்கள்."

சபை திகைத்தது. அப்புறம்தான் நாதினுக்கு உறைத்தது. எழப் பார்த்தார்.

"எழுந்தால் சடங்கு பாதியில் நிற்கும், அரசே. தீங்கு நாட்டின் மேல் விழுமாமே?" என்றான் அப்பிலு.

வியர்வை தாடியில் சொட்டியது. "இரு... இரு! பலகையைக் கொடு! சரியாகப் பார்க்க வேண்டும்!" மூக்கு உரசும்படி பலகையைத் தூக்கிப் பிடித்தார் நாதின். நகத்தால் சுரண்டினார். "இதோ! இங்கே ஒரு கீறல் தேய்ந்திருக்கிறது! இது 'இறக்க வேண்டும்' இல்லை. 'இறங்க வேண்டும்'! சிங்காசனத்தில் அமர்ந்திருக்கும் அரசன் இறங்க வேண்டும்! அவ்வளவுதான்! இத்தனை நாள் எல்லோரும் தப்பாகவே படித்திருக்கிறார்கள்!"

"உறுதிதானா?" என்றான் அப்பிலு.

"என் உயிர் மேல் ஆணை!"

தூணருகே இருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தான். சேற்றுத் தடம் பதிய நடந்து வந்தான்.

"அப்படியானால் இறங்குங்கள், நாதின்!"

நாதின் இறங்கிய வேகத்தில் மகுடம் உருண்டது. அரசன் நஞ்சை மண்ணில் கொட்டச் செய்தான். சாசனத்தைப் புதிய களிமண்ணில், 'இறங்க வேண்டும்' என்று தெளிவாக எழுதி, யாரும் மாற்ற முடியாதபடி சூளையில் சுட்டெடுக்க ஆணையிட்டான். நாதினுக்கு மண்வெட்டியைக் கொடுத்து மேல்வாய்க்காலுக்கு அனுப்பினான். அப்பிலுவுக்குத் தன் நீலக்கல் மோதிரத்தையும், கீழ்வாய்க்கால் ஓரத்தில் ஒரு பேரீச்சந்தோப்பையும் கொடுத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் அவனை இறுக அணைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அந்த நாட்டில் எந்தக் கிரகணத்துக்கும் யாரும் சாகவில்லை.

அப்பிலு வீட்டுக் கதவைத் தட்டினான். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத நாரம்தா, திறக்காமலே கேட்டாள்.

"யாரு? ராஜாவா?"

"ராஜா இறங்கியாச்சு. உன் வீட்டுக்காரன்தான் வந்திருக்கேன்."

கதவு திறந்த வேகத்தில் சுவரில் மோதித் திரும்பியது.