கைராசி கெட்ட மந்தி

மலையடிவாரத்துக் காட்டில் ஒரு குளம் இருந்தது. அதைச் சுற்றியிருந்த நாவல் மரங்களில் முப்பது குரங்குகள் கூட்டமாக வாழ்ந்துவந்தன. தலைவன் பெயர் கருமூஞ்சி.

அந்தக் கூட்டத்தில் பேன் பார்ப்பதில் கெட்டிக்காரி ஒரு மந்தி. அவள் விரல் பட்டால் சிடுசிடுக்கும் கிழட்டுக் கடுவன் குரங்குகூடச் சொக்கித் தூங்கிவிடும். அதனால் அவளுக்குப் பஞ்சுக்கை என்றே பெயர். "ராசியான கை!" என்று சொல்லி எல்லோரும் அவள் முன்னால் முதுகைக் காட்டி உட்காருவார்கள். அவளுக்குச் சிட்டு என்று ஒரே மகள். அந்தக் குட்டிதான் அவளுக்கு உயிர்.

ஒரு கோடையில் குளத்துக்கு மேட்டுப் பக்கம் மனிதர்கள் சாயப்பட்டறை போட்டார்கள். அங்கிருந்து ஒரு வாய்க்கால் குளத்துக்கு இறங்கியது. ஒருநாள் குளம் சிவப்பாக இருந்தது. மறுநாள் நீலம்.

"பார்த்தீங்களா! தினம் ஒரு நிறம் மாறுற குளம் எந்தக் காட்டுலயாவது இருக்கா?" என்று கருமூஞ்சி மார்தட்டிக்கொண்டான். மீன்கள் செத்து மிதந்ததை அவனும் பார்த்தான். பெருமை பேசுகிற நேரத்தில் செத்த மீனைப் பற்றி யார் பேசுவார்கள்?

ஆடி மாதத்தில் ஒருநாள் பஞ்சுக்கை அவனுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடரி முடி கொத்தாக அவள் கையோடு வந்துவிட்டது.

"அய்யோ! என்னடி பண்ணினே?"

"நான் ஒண்ணும் பண்ணலண்ணே! தொட்டேன், வந்துடுச்சு!"

"தொட்டா வந்துடுமா?" என்று ஒரு கிழட்டுக் கடுவன் பாய்ந்து வந்தது. "போன வாரம் எனக்கும் இவதான் பேன் பார்த்தா. இப்ப தொடையெல்லாம் வழுக்கை!"

"எனக்கும்!" "என் குட்டிக்கும்!" என்று நாலா பக்கமும் சத்தம் எழும்பியது.

முடி எல்லா நேரமும்தான் கொட்டிக்கொண்டிருந்தது. கிளையில் உரசினால் கொட்டியது, தூங்கும்போதும் கொட்டியது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. அவள் கையில் வந்ததைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அவள் தோளும் வழுக்கையாகத்தான் இருந்தது. தன் முடியைத் தானே எவளாவது கெடுத்துக்கொள்வாளா என்று கேட்க அங்கே ஒருவருக்கும் புத்தி இல்லை.

"ராசியான கைன்னு சொன்னோமே, இது விளங்காத கை! போடி வெளியே!" என்றான் கருமூஞ்சி.

"என் பிள்ளையைக் குடுத்துடுங்க, போயிடறேன்!"

"அதையும் மொட்டையடிக்கவா? குட்டி இங்கேயே இருக்கட்டும்!"

பஞ்சுக்கை அழுதுகொண்டே மலையைத் தாண்டிப் போனாள். அந்தப் பக்கம் ஒரு சுனை இருந்தது. பழ மரம் ஒன்றுகூட இல்லை. கசக்கிற இலையைத் தின்று, சுனை நீரைக் குடித்து உயிரை வைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் போயிற்று. ஒருநாள் தோளைச் சொறிந்தபோது விரல் முடியில் சிக்கியது. இழுத்துப் பார்த்தாள். வலித்தது, வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். அப்போதும் வரவில்லை.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே கைதானே! தண்ணீர் மட்டும்தானே மாறியிருக்கிறது!

"குத்தம் என் கையில இல்ல, குளத்துல! என் பிள்ளை இன்னும் அந்தத் தண்ணியத்தானே குடிக்குது!" என்று அலறிக்கொண்டு ஓடினாள்.

நாவல் மரத்தடியில் கூட்டம் உட்கார்ந்திருந்தது. ஒருவர் உடம்பிலும் முடி இல்லை. வெறும் தோலும் புண்ணும்தான். அவளை விரட்டிய பிறகும் முடி கொட்டியதே, அப்போதாவது யோசித்தார்களா? எங்கே! ஒவ்வொருவரும் அடுத்தவர் கையைச் சந்தேகப்பட்டு, தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணே! இந்த இடத்தை விட்டுக் கிளம்புங்க! தண்ணிதான் விஷம்! என்னைப் பாருங்க, எனக்கு முளைச்சுடுச்சு!"

கருமூஞ்சி அவளை மேலும் கீழும் பார்த்தான். அடர்ந்து பளபளத்த அந்த முடியைப் பார்க்கப் பார்க்க அவன் கண் சிவந்தது.

"நம்ம முடியெல்லாம் எங்கடா போச்சுன்னு தேடினோமே! இதோ இவ மேல இருக்கு! திருடி! சூனியக்காரி!"

கூட்டம் மொத்தமும் பாய்ந்து கடித்தது. அத்தனை கடியிலும் அவள் மகளையே தேடினாள். "சிட்டு! அம்மாகிட்ட வாடி!"

சிட்டு கருமூஞ்சியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. "தொடாதே! என்னைத் தொடாதே!" என்று கிறீச்சிட்டது.

அதற்குமேல் பஞ்சுக்கையால் அங்கே நிற்க முடியவில்லை. நொண்டிக்கொண்டே மலையேறினாள்.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் விடவில்லை. பஞ்சுக்கையின் முடியில் தண்ணீர் வழிந்து ஓடியது, உடம்பு கதகதப்பாகவே இருந்தது. வெறும் தோலோடு இருக்கும் மகளை நினைத்து நினைத்து அவள் துடித்தாள். ஆறாம் நாள் காலையில், வழியை மறித்து ஓடிய காட்டாறு வடிந்ததும் கீழே இறங்கினாள்.

குரங்குகள் குட்டிகளோடு ஒன்றையொன்று கட்டிக்கொண்டு, குளிரில் செத்து, மரத்தடியில் குவியலாகக் கிடந்தன. கருமூஞ்சி நடுவில் விறைத்துக் கிடந்தான். குவியலுக்கு அடியில் ஏதோ அசைந்தது. சிட்டு!

பஞ்சுக்கை மகளை இழுத்து எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். முதுகைத் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா..."

"அம்மாதாண்டி! கண்ணைத் திற!"

"உன் கை சூடா இருக்கும்மா."

"ஆமாடி கண்ணு. தூங்கிடாதே! மலைக்கு அந்தப் பக்கம் நல்ல தண்ணி இருக்கு. இதோ போயிடலாம்!"

பாதி மலை ஏறும்போது, கழுத்தைக் கட்டியிருந்த சின்னக் கை நழுவி விழுந்தது. பஞ்சுக்கை நிற்கவில்லை. அந்தக் கையை எடுத்து மறுபடியும் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, சுனைவரைக்கும் நடந்தாள்.

குடியிருக்கும் இடம் கெட்டதைப் பார்க்காமல் கூட இருப்பவர் கையைப் பழிக்கிறவர்கள், முடியை மட்டுமல்ல, தங்கள் பிள்ளைகளையும் இழப்பார்கள்.