பொத்தான் வளையம் வளைத்த மாசிலாமணியார்

மேலப்பூவனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சைக்கிள் கடைக்கும் சலவைத் துறைக்கு இறங்கும் சந்துக்கும் நடுவில், ஒரு சாக்கை விரித்து அமர்ந்து பிழைத்தவர் மாசிலாமணியார். ஊர்க் கோயில் முருகனான குமாரசுவாமியின் அடியார்களில் அவரைக் கடைசியாகத்தான் ஊரார் எண்ணுவார்கள். பலர் எண்ணவே மாட்டார்கள்.

அவர் செய்தது பொத்தான் அல்ல. பொத்தானைத் துணியில் பிடித்து நிறுத்தும் பித்தளைக் கம்பி வளையம். அந்நாளில் பஸ் கண்டக்டர்களும் ஆஸ்பத்திரிச் சேவகர்களும் பேண்டு வாத்தியக்காரர்களும் அணிந்த தடித்த கோட்டுகளில் பித்தளைப் பொத்தான்களைத் தைப்பதில்லை. தைத்துவிட்டால் துறையில் கல்லில் அடிக்கும்போது நசுங்கிப்போகும். ஆகையால் பொத்தானின் பின்புறக் காதைத் துணியிலுள்ள துளையில் நுழைத்து, உட்புறமாக ஒரு வளையத்தை அந்தக் காதில் மாட்டிவிடுவார்கள். வெளுக்கப் போடும்போது வளையத்தைக் கழற்றினால் பொத்தான் கையோடு வந்துவிடும். சுண்டுவிரல் நகத்தளவுள்ள அந்த வளையத்தை, கோட்டு போட்டவரே திரும்பிப் பார்ப்பதில்லை. பிறர் கண்ணுக்குப் பொத்தான் மட்டும்தான் தெரியும்.

குறட்டால் கம்பியைப் பிடித்து ஆணியைச் சுற்றி வளைப்பார். நறுக்குவார். முனை மேலே குத்தாதபடி உள்ளே மடக்குவார். மடக்கும்போது "முருகா" என்பார். ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முருகா. எதிரே நிற்பவர் எவ்வளவு அவசரப்பட்டாலும், அந்தப் பெயர் வாயை விட்டு வந்த பிறகே பதில் வரும்.

"ஓய் மாசிலாமணி, பஞ்சர் ஒட்டும்போது நானும் ஒரு முருகா சொல்லட்டுமா? காத்து நிக்குமாவே?" என்று கேட்பார் சைக்கிள் கடைப் பெரியநாயகம். டீ குடிக்க வந்தவர்கள் சிரிப்பார்கள்.

"சொல்லிப் பாரும். காத்து நிக்காட்டியும் வாய் மணக்கும்" என்பார் இவர். அவரும் சேர்ந்து சிரிப்பார். அதோடு முடிந்துவிடும்.

ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் அந்த வளையங்களுக்கு ஒரு பெருமை இருந்தது. பாரிவேட்டைத் திருநாளில் குமாரசுவாமி வேட்டைக்குப் போகும் கோலத்தில், சிவப்பு வெல்வெட் சட்டை அணிந்து குதிரை வாகனத்தில் எழுந்தருளுவார். சட்டைக்கு வெள்ளிப் பொத்தான்கள். மற்ற நாட்களில் பொத்தான்கள் நகைப் பெட்டியிலும் சட்டை துணிப் பெட்டியிலும் கிடக்கும். அன்று காலையில்தான் அவற்றை ஒன்று சேர்ப்பார்கள். சுவாமியின் திருமேனியில் ஏறிய துணியில் ஊசி படக்கூடாது என்பது அந்தக் கோயிலின் கட்டு. ஒரு முறை அவர் மேல் பட்ட வளையத்தை மறு ஆண்டு மாட்டக்கூடாது என்பதும் கட்டு. ஆகவே ஆண்டுதோறும் புது வளையம் வேண்டும். அதை வளைத்துக் கொடுக்கும் பணி மாசிலாமணியாருக்கு எப்படியோ வாய்த்தது. கூலி கிடையாது. அவர் கேட்டதும் கிடையாது. விரதம் இருந்து, குளித்து, ஈர வேட்டியோடு வளைப்பார். முனையைத் தம் கன்னத்தில் உரசிப் பார்ப்பார். சிறிது கீறினாலும் அதைத் தள்ளிவிட்டு வேறு வளைப்பார். கோலம் கலைந்த பிறகு கோயில் பட்டர் ஒரு வாழைப்பழமும் திருநீறும் கொடுப்பார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி வடிவம்மாளுக்கும் மகன் கதிரேசனுக்கும் பங்கிடும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

கதிரேசன் அவர்களுக்குத் தவமிருந்து பிறந்த ஒரே பிள்ளை. பஸ் கண்டக்டராகச் சேர்ந்திருந்தான். அவனுடைய காக்கிக் கோட்டில் அப்பாவின் வளையங்கள்தான். "எங்கப்பா வளையம் போட்ட கோட்டு. பஸ்ஸு கவுந்தாலும் பொத்தான் கவுறாது" என்று டிரைவரிடம் சொல்லிச் சிரிப்பான்.

அந்த ஆண்டு பாரிவேட்டை நெருங்கும்போது அவனுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் கிடந்தான். டாக்டர்கள் கைவிட்டதும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மாசிலாமணியார் மகனின் தலைமாட்டில் அமர்ந்தே சுவாமிக்கான வளையங்களை வளைத்தார். ஒவ்வொரு முருகாவும் அன்று பிள்ளைக்காகவும்தான் போயிருக்கும். வளைத்து முடித்து ஒரு தகர டப்பாவில் போட்டு மூடினார். மறுநாள் விடியும்போது கதிரேசனின் மூச்சு நின்றுவிட்டது. அதற்கு மறுநாள் பாரிவேட்டை.

வடிவம்மாளின் தம்பி செல்லையா செய்தி கேட்டு ஓடிவந்தார். அழுது ஓய்ந்த பிறகு அவருக்கு டப்பாவின் நினைவு வந்தது. அத்தானின் உயிர் அந்தப் பணியில் இருப்பதை அவர் அறிவார்.

"அத்தான், சாமிக்கு உள்ளது நேத்தே வளைச்சதுதானே? பிள்ளை உயிரோட இருக்கையில வளைச்சது. நான் வெளியூர்க்காரன், சத்தமில்லாம பட்டர் கையில குடுத்துட்டு வந்திருதேன். யாருக்குத் தெரியும்?"

"வாங்குதவருக்குத் தெரியும்லா, செல்லையா" என்றார் மாசிலாமணியார். "தீட்டு விழுந்த வீட்டுல இருக்க எல்லாமே தீட்டுதான். இந்த வருசம் எனக்கு இல்லன்னு ஆயிட்டு."

பிள்ளையும் போய், பிள்ளைக்கு முன்பிருந்தே செய்துவந்த பணியும் அதே விடியலில் போனது. எதற்கு அழுவதென்று அவருக்கே தெரிந்திருக்காது.

பஸ் சிப்பந்திகள் மாலையோடு வந்தார்கள். கோட்டு போட்டே தூக்கிச் செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். கோட்டு வெளுத்து வந்திருந்தது, பொத்தான்கள் தனியாகக் கிடந்தன. பழைய வளையங்கள் எங்கே போயினவோ. குளிப்பாட்டிவிட்டு ஆண்கள் பாடை கட்ட வெளியே போயிருந்தபோது வடிவம்மாள்தாம் மகனுக்குக் கோட்டை மாட்டிப் பொத்தான் போட்டார்.

சுடுகாட்டில் வெட்டியான், "ஐயா, பித்தளை, இரும்பு எதுவும் கூடப் போகப்படாது. கழத்திருங்க" என்றான். தகப்பனார் குனிந்து மகனுடைய கோட்டின் உட்புறம் விரலை விட்டார். விரல் பட்டதுமே தெரிந்துவிட்டது. கீறாத முனை. கன்னத்தில் உரசிப் பார்த்த முனை. குமாரசுவாமிக்கென்று விரதமிருந்து வளைத்த வளையங்கள் பிணத்தின் மார்பில் மாட்டியிருந்தன.

ஒவ்வொன்றாகக் கழற்றினார். சுவாமியின் உடைமை என்று தீயில் போடவும் முடியவில்லை, பிணத்தில் பட்டது என்று வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. கொள்ளி வைத்த பிறகு ஆற்றில் முழுகும்போது நீருக்குள்ளேயே கையைத் திறந்தார்.

வீடு திரும்பியதும் கேட்டார்: "வடிவு, அந்த டப்பாவைத் திறந்தியா?"

"திறந்தேன்." வடிவம்மாள் முகத்தை மறைக்கவில்லை. "என் பிள்ளை நெஞ்சு திறந்து கிடந்துச்சு. ஊர்ப் பார்வையில அப்படி அனுப்ப மனசு வரல. உங்க சாமிக்குப் பெட்டி நிறையச் சட்டை இருக்கு. என் பிள்ளைக்கு அது ஒண்ணுதான்."

மாசிலாமணியார் காலி டப்பாவை மூடி வைத்தார்.

"இன்னொண்ணும் சொல்லிருதேன். இத்தனை வருசமாக் கூப்பிட்டீயளே, ஒரு தடவை திரும்பிப் பாத்தானா? இனிமே அவன் பேரு இந்த வீட்டுக்குள்ள கேக்கப்படாது."

"சரி" என்றார் அவர்.

அதன்பின் உதடு அசையாமல் சொல்லிக்கொண்டார். அந்தப் பெயரை விட அவரால் முடியவில்லை. மனைவியின் வயிற்றெரிச்சலைத் தவறென்று சொல்லவும் முடியவில்லை. ஆனால் ஒன்று அவரை அரித்தது: சுவாமியுடையதை எடுத்து நாம் பயன்படுத்திவிட்டோம். இனி அந்தப் பணி எனக்கு எந்த ஆண்டும் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தின் மேல் இந்தப் பயமும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் கோயிலில் பட்டர் வளையம் இல்லாமல் தவித்தார். கடைவீதியிலிருந்து வாங்கிவந்தவை வெல்வெட்டின் சிறிய துளைக்குள் போகவில்லை. வேறு வழியின்றிப் பொத்தான்களின் காதில் பட்டு நூலைக் கோத்து உட்புறமாக முடிந்தார். சுவாமி குதிரை வாகனத்தில் ஏறினார்.

துக்கம் நடந்த தெரு என்பதால் தண்ணீர் தெளித்துக் கழுவியிருந்தார்கள். தீட்டு வீடு கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். சுவாமிக்கு அந்த வாசலில் தீபாராதனை கிடையாது, அங்கே நிற்கவும் மாட்டார். வழக்கம் அது. அந்தி மயங்கும் வேளையில் நாகசுரம் தெருமுனையில் திரும்பியது. சாத்திய கதவுக்குப் பின்னால், இருட்டில், மாசிலாமணியார் கைகூப்பி நின்றார். வடிவம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

பாரிவேட்டையில் குதிரை வாகனத்தைச் சுமப்பவர்கள் நடக்க மாட்டார்கள், துள்ளித் துள்ளி ஓடுவார்கள். அப்படி ஓடிவந்து, நிற்கக்கூடாத அந்த வாசலுக்கு நேரே வந்தபோது நூல் அறுந்தது. ஒரு பொத்தான் தெறித்துக் கதவில் பட்டு விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. வெல்வெட் சட்டை இரு பக்கமும் விலகியது. "நிறுத்து! நிறுத்து!" என்று பட்டர் கத்தினார். மேளம் நின்றது.

"ஊசி கொண்டாங்க!" என்றார் ஒருவர்.

"மேனியில இருக்கறச்சே ஊசியா? வாயைக் கழுவும்!" என்றார் பட்டர்.

"இந்த வீட்டு முன்னாலயா இப்படி ஆகணும்? எல்லாம் அந்தக் கம்பிக்காரன் செஞ்ச பாவம்" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

உள்ளே நின்றவர் காதிலும் அது விழுந்தது. அவர் அதை நம்பினார். "தப்பு எங்க மேலதான், முருகா" என்று தரையில் விழுந்தார். பெயர் வாய்விட்டு வந்துவிட்டது. தடுக்கப்பட்ட பெயர் என்பதே அவர் நினைவில் இல்லை.

வடிவம்மாள் எழுந்தார். கணவரை அல்ல, கதவை நோக்கிப் போனார். தாழ்ப்பாளை விலக்கினார்.

"ஏட்டி, கதவைச் சாத்து! தீட்டு!" என்று தெருவே கூவியது. அவர் சாத்தவில்லை. தலைவிரி கோலமாக வாசற்படியில் நின்று அண்ணாந்து பார்த்தார். தீவட்டி வெளிச்சத்தில் குமாரசுவாமி, வாளும் தலைப்பாகையுமாக, சட்டை விலகி வெறும் மார்போடு அவருக்கு நேரே நின்றார். வடிவம்மாள் வெகுநேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகத்திலிருந்த கல் கரைந்தது.

"எல்லாரும் ஏன் சத்தம் போடுதிய?" என்றார். "சாவு வீட்டுக்குப் பதறி ஓடியாறவுக, பொத்தான் மாட்டிக்கிட்டா வருவாக?"

அதன் பிறகுதான் அந்தத் தாய் வாய்விட்டு அழுதார். பிள்ளை இறந்ததிலிருந்து அவர் அழவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

பொத்தான்களைக் குனிந்து எடுத்த பட்டர், அவற்றைக் கையில் வைத்தபடியே நின்றார். பாவம் என்று சொன்ன குரல் மறுபடி கேட்கவில்லை. சைக்கிள் கடைப் பெரியநாயகம் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். துக்க வீட்டு வாசலில் நிற்கும் முறை அதுதானே.

"மாசிலாமணி" என்று பட்டர் அழைத்தார். "எழுந்து வெளியே வாரும். உம்மகிட்ட துக்கம் கேக்க வந்திருக்கார். படுத்துண்டிருந்தா எப்படி?"

மாசிலாமணியார் எழுந்து வந்தார். மனைவியின் பக்கத்தில் நின்றார். தீபம் காட்டவில்லை, தேங்காய் உடைக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவரும் துக்கப்பட்டவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். சிறிது நேரம் கழித்து, மேளம் இல்லாமல், சட்டையைப் பூட்டாமலே சுவாமி புறப்பட்டுப் போனார். துக்க வீட்டிலிருந்து போகிறவர்கள் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. அவரும் சொல்லவில்லை.

பிள்ளை திரும்பவில்லை. அந்த வீட்டில் மறுபடி தொட்டில் ஆடவும் இல்லை. அடுத்த ஆண்டு பாரிவேட்டைக்கு முன்பு பட்டர் தாமே வந்து வளையம் கேட்டார். மாசிலாமணியார் தயங்கியபோது, "வளைங்க" என்று சொல்லிக் குறட்டை எடுத்துக் கொடுத்தவர் வடிவம்மாள்தாம். அன்றுமுதல் அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. குமாரசுவாமி அந்த வாசல்வரை சட்டையைத் திறந்தபடி வருவார். அங்கே மேளம் நிற்கும். பட்டர் ஒவ்வொரு பொத்தானாக வளையத்தில் பூட்டுவார். பிறகுதான் வேட்டை. மாசிலாமணியாரும் வடிவம்மாளும் காலமாகி, அந்த வீட்டில் வேறு யாரோ குடியேறிய பின்னும் அந்த வழக்கம் நிற்கவில்லை.

அழைத்த குரலுக்கு வராமல், அழ முடியாத வீட்டுக்கு வந்து நின்றவன் குமரன். வந்தவனைக் குறைசொல்லாமல் ஏற்றுக்கொண்ட அந்த இருவரின் அன்பையும் நாம் வணங்குவோம்.