அணிலின் முந்திரியும் ஆட்காட்டியின் கூச்சலும்

ஒரு மலைக்காட்டில் ஓர் அணிலும் ஒரு குரங்கும் கூட்டாகத் தொழில் செய்தன.

இன்றைக்கு எந்த மரத்தில் பழம் பழுத்திருக்கிறது? விடிந்ததும் காடே கேட்கும் கேள்வி இதுதான். அணில் கிளை கிளையாக ஓடிப் பார்த்துவிட்டு வரும். குரங்கு அந்தச் செய்தியைக் கணினியில் ஏற்றிவிடும். மானும் மயிலும் முள்ளம்பன்றியும் அதைக் கைபேசியில் பார்த்துவிட்டு நேராக அந்த மரத்தடிக்குப் போய்விடும். செய்திக்குக் கூலியாக ஆளுக்கு ஒரு முந்திரி கொடுக்கும்.

கணினி மட்டும் சொந்தம் இல்லை. மலை உச்சியில், குளிர்ந்த குகைகளில், யானைகள் பெரிய பெரிய கணினிகளை அடுக்கி வைத்திருந்தன. மரத்தடியில் உட்கார்ந்தபடியே அவற்றை வாடகைக்கு ஓட்டலாம். மேகக் கணினி என்பார்களே, அதுதான். எத்தனை கணினி, எவ்வளவு நேரம் என்று பார்த்து அதற்கேற்ப முந்திரி தர வேண்டும். சாயங்காலமானால் காட்டுப்பன்றி சாக்கோடு வந்து, அணிலின் பொந்திலிருந்து அளந்து எடுத்துக்கொண்டு போகும்.

அந்தப் பொந்தில் இருந்ததுதான் அணிலின் பிள்ளைகளுக்கு மழைக்காலச் சாப்பாடு. அடைமழை பிடித்துவிட்டால் வெளியே தலை நீட்ட முடியாது. அதனால் வாடகை என்ற பேச்சை எடுத்தாலே அணில் பொந்துக்கு ஓடி முந்திரியை எண்ணிப் பார்க்கும்.

"பயப்படாதேம்மா! செலவு ஏறினா வந்து சொல்ல ஒரு ஆட்காட்டிக் குருவியை அனுப்பறேன். எப்போ சொல்லணும், யார்கிட்ட சொல்லணும்? அதை மட்டும் நீயே சொல்லிடு" என்றது யானை.

"எப்போவா? ஒவ்வொரு முந்திரிக்கும் சொல்லட்டும்! என்கிட்டயே சொல்லட்டும்!" என்றது அணில்.

யானை ஏதோ சொல்ல வாயெடுத்தது. பிறகு, நமக்கென்ன என்று விட்டுவிட்டது.

மறுநாள் விடியற்காலையே ஆட்காட்டி வந்துவிட்டது.

"போச்சு! போச்சு! ஒரு முந்திரி போச்சு!"

அணில் துள்ளி எழுந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும், "போச்சு! போச்சு! இன்னொண்ணு போச்சு!" பல் துலக்கும்போது போச்சு, பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது போச்சு! முதல் நாள் அணில் ஒவ்வொரு கூச்சலுக்கும் ஓடிப்போய்ப் பொந்தைப் பார்த்தது. அடுத்த நாள் திரும்பி மட்டும் பார்த்தது. அதற்கும் அடுத்த நாள், இலவம் பஞ்சை எடுத்துக் காதில் அடைத்துக்கொண்டது. காவலுக்கு வைத்ததும் அதுவே, காதை அடைத்ததும் அதுவே!

இந்தச் சமயத்தில்தான் அருவிக்கரையில் குரங்கின் அத்தை மகளுக்குக் கல்யாணம் வந்தது.

"கல்யாண வீட்டில போட ஒரு ஆட்டப் படம் செய்யப் போறேன் அணிலக்கா! எல்லாக் கிளையிலும் நானே ஆடுவேன்!" என்றது குரங்கு.

காதில் பஞ்சு. அணிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போல் தலையை ஆட்டிவைத்தது.

குரங்குக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. மலையில் சும்மா இருந்த கணினிகளை எல்லாம் முடுக்கிவிட்டது. மதியத்துக்குள் படம் ஜோராகத் தயாராகிவிட்டது. குரங்கு அதை எடுத்துக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டது. கணினிகளை நிறுத்தவில்லை. வேலை முடிந்தால் அவையே நின்றுவிடும் என்று நினைப்பு!

ஆட்காட்டி தொண்டை கிழியக் கத்தியது. "போச்சு! போச்சு! கூடை கூடையாப் போச்சு!"

"இதுக்கு வேற வேலையே இல்லை" என்றது மயில். மான் காதைக்கூட அசைக்கவில்லை. அணில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் காட்டுப்பன்றி வந்தது. வழக்கமான சின்னச் சாக்கு இல்லை. தம்பியையும் கூட்டிக்கொண்டு, முதுகு நிறையச் சாக்குகளோடு வந்தது! அளந்தது, அளந்தது, அளந்துகொண்டே இருந்தது. பொந்தின் அடித்தரை தெரிந்துவிட்டது.

அணிலுக்கு உயிரே போய்விட்டது. பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு மலை மேல் ஓடியது.

"ஐயா! இது அநியாயம்! என் பிள்ளைங்க மழைக்கு என்ன சாப்பிடும்? ஏன் எனக்கு யாரும் சொல்லலை?"

"விடியறதுலேருந்து கத்திட்டுத்தான் இருக்கு. பாவம், தொண்டையே போச்சு" என்றது யானை.

"நிறுத்துங்களேன் ஐயா!"

"சொல்றது எங்க வேலை. நிறுத்தறது உங்க வேலை. நாங்களா நிறுத்தினா, நாளைக்கு உன் பழச்செய்தி நின்னு போச்சுன்னு நீயே சண்டைக்கு வருவே. கணினியை நிறுத்தற சாவி யார்கிட்ட?"

சாவி குரங்கிடம்! அணிலுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆட்காட்டி, கம்மிய தொண்டையோடு அருவிக்கரைக்குப் பறந்தது. குரங்கு பந்தியில் மூன்றாவது லட்டில் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் மாலையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து, கணினிகளை நிறுத்தியது.

"படம்தான் மதியமே முடிஞ்சுதே! யாரும் ஓட்டாத கணினிக்கும் வாடகையா?" என்று குரங்கு முறைத்தது.

"அறையில ஆள் இல்லைன்னா விசிறி நின்னுடுமா? நாமதானே நிறுத்தணும்!" என்றது யானை.

குரங்கு தலையைத் தொங்கப் போட்டது. "தப்பு என்னுதுதான் அக்கா. பொந்து நிரம்புற வரைக்கும் எனக்குப் பங்கு வேண்டாம்."

"பாதித் தப்பு என்னுது தம்பி. நல்லா இருந்த குருவியைத் தொணதொணப்பா ஆக்கினது நான்தான்" என்றது அணில்.

அணில் யோசித்தது. பிறகு ஆட்காட்டியிடம் சொன்னது: "வாரத்துக்கு இவ்வளவு முந்திரின்னு நான் அளந்து தனியா வைப்பேன். அதில பாதி போனா ஒரு தரம் கூப்பிடு. முக்கால் போனா ரெண்டு தரம். மத்தபடி வாயே திறக்காதே!"

"உங்க காதுலதானே அக்கா?"

"என் காதுல மட்டும் சொல்லி என்ன லாபம்? சாவி வெச்சிருக்கிறவன் காதுல சொல்லு!"

"என் காதிலயா!" என்று குரங்கு அலறியது. ஆட்காட்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

குரங்கு சொன்ன சொல் தவறவில்லை. கூலியாக வந்த முந்திரி எல்லாம் பொந்துக்கே போனது. கார்மேகம் திரளுவதற்குள் பொந்து பழையபடி நிரம்பிவிட்டது. காட்டில் ஒரே அமைதி. மயிலுக்குக்கூட என்னவோ போல் இருந்தது.

மழைக்காலத்தில் ஒருநாள். குரங்கு பாறையிடுக்கில் ஒண்டியபடி பேன் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் காதருகே ஆட்காட்டி வந்து உட்கார்ந்தது.

"போச்சு!"

ஒரே ஒரு தரம்தான். குரங்கு தூக்கிவாரிப் போட்டு எழுந்தது. "அடடா! நேத்து விளையாட்டு ஓட்டினேன், நிறுத்தவே இல்லையே!" மழையில் நனைந்துகொண்டே ஓடியது. நிறுத்திவிட்டுத்தான் மூச்சு விட்டது.

பொந்துக்குள் அணில் தன் பிள்ளைகளுக்கு முந்திரி உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு இந்தச் சங்கதியே தெரியாது.

ஓயாமல் கத்துகிற எச்சரிக்கை யாரையும் எழுப்பாது. சரியான வேளையில், நிறுத்தக்கூடியவர் காதில் விழுகிற எச்சரிக்கைதான் நம் சேமிப்பைக் காப்பாற்றும்.