தெய்வானைக்குப் போட்ட துண்டு

கொக்காடிப்பட்டி சமையல் கோஷ்டியைச் சாப்பாட்டு விஷயத்தில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிறவர் இருந்தால் அவர் நாக்கைத்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும். மற்ற விஷயங்களில் அவர்கள் எப்படி என்று கேட்டீர்களானால், உட்காருங்கள், கொஞ்ச நேரம் ஆகும்.

கோஷ்டியில் நாலு பேர். தலைவர் வேலாயுதம் மாஸ்டர். பந்தி பரிமாறுவது சோலைமலை. காய் வெட்டுவது மயில்வாகனம். ரசத்துக்கும் அடுப்புக்கும் பொறுப்பு பூமிநாதன். ஒரு கல்யாணத்தில் மாஸ்டர் அவனிடம், "அடுப்பை விட்டு நகராதே" என்று சொல்லிவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டார். மறுநாள் காலையில் பந்தல் பிரிக்க வந்தவர்கள் பார்த்தபோது, ஆறிப்போன அடுப்புக்குப் பக்கத்தில் பூமிநாதன் நின்றுகொண்டிருந்தான். மாஸ்டரை வீட்டிலிருந்து வரவழைத்து, "நகரலாம்" என்று சொல்ல வைத்த பிறகுதான் அவன் வீட்டுக்குப் போனான்.

இப்படிப்பட்டவனுக்கு நாற்பது வயதை ஒட்டி ஒரு பெண் அமைந்தது என்றால் அது ரசத்தின் புண்ணியம். செல்லப்பாண்டி என்பவர் வீட்டுப் புதுமனை புகுவிழாவில், மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிற அவர் தங்கச்சி தெய்வானை, லீவில் வந்து பந்தியில் உட்கார்ந்திருந்தாள். "போதும்னு சொல்ற வரைக்கும் ஊத்து" என்று ரச வாளியோடு வந்த பூமிநாதனுக்கு மாஸ்டர் உத்தரவு. தெய்வானை போனில் பேசிக்கொண்டிருந்ததால் போதும் என்று சொல்லவில்லை. ரசம் இலையைத் தாண்டி, மேசையைத் தாண்டி, அவள் புடவைக்கு வந்து சேர்ந்தது. நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க போதும்னு சொல்லலையே" என்றான் பூமிநாதன், வாளியைச் சாய்த்தபடியே. அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்வது, சில பேருக்கு அப்படித்தான் வருகிறது.

மஸ்கட்டுக்குத் திரும்பிப் போன பிறகு அவள் அண்ணனிடம் மனசைச் சொன்னாள். ஒரே ஒரு நிபந்தனை. "போன்ல கேட்டா எல்லாரும் சரி சரின்னு தலையாட்டிருவாங்க. நான் மெயில்ல கேக்கிறேன். அவரும் மெயில்லயே பதில் சொல்லட்டும்."

கோஷ்டிக்கு ஒரு மெயில் முகவரி இருந்தது. நாலு பேருக்கும் சேர்த்து ஒன்று. ஜவுளிக்கடை, செருப்புக்கடை, செல்போன் கடை என்று எவன் கேட்டாலும் நாலு பேரும் பெருமையாக அதைக் கொடுத்துவைத்திருந்தார்கள். கொடுத்தார்களே தவிர, ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை செல்லப்பாண்டி வேகமாக வந்தார். "என்னய்யா பொட்டி வச்சிருக்கீங்க? தங்கச்சி போட்ட மெயில் திரும்பி வந்திருச்சு. நெறஞ்சு போய்க் கெடக்காம். ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை போடுவா. அதுவும் திரும்பி வந்தா, மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லைன்னு எடுத்துக்கிட்டு இன்னும் ரெண்டு வருசத்துக்கு அங்கேயே வேலைக்குக் கையெழுத்துப் போட்டிருவா. நல்லாக் கேட்டுக்கங்க. அவ மெயில் வரணும், உங்க பதில் போகணும். அப்புறம்தான் தாலி."

பூமிநாதனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவன் சாப்பிடாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை என்பதால் மற்ற மூன்று பேருக்கும் பயமாகிவிட்டது.

மறுநாள் நாலு பேருமாக இ-சேவை மையத்துக்குப் போனார்கள். அங்கே இருக்கிற மரகதம் கெட்டிக்காரப் பெண். ஆனால் வாசல் வரைக்கும் கூட்டம் நின்றது. இவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லலாம் என்று நினைத்து, "பந்தி மாதிரிதாண்ணே. உக்காந்திருக்கவங்க எந்திரிச்சாத்தான் அடுத்தவங்க உக்கார முடியும். பழசையெல்லாம் எழுப்பி அனுப்புங்க" என்றாள். பாவம், நல்லதுக்குத்தான் சொன்னாள்.

சமையல் கொட்டகைக்கு வந்து, கோஷ்டியின் போனைக் கவிழ்த்த அண்டாவின் மேல் வைத்து, நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். முதலில் இருந்தது ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி. மயில்வாகனம் அழிக்கப் போனான்.

"கையை எடு" என்றார் மாஸ்டர். "அவரு சாப்பிட்டாரா?"

"யாரு மாஸ்டர்?"

"இந்த ஜவுளிக்கடைக்காரர். ஆடியிலேருந்து வந்து உக்காந்திருக்காரு. நாம ஒரு வார்த்தை கேக்கலை. பந்தியில உக்காந்தவரை ஒண்ணும் போடாம எழுப்பறது நம்ம தொழில்ல உண்டா?"

சோலைமலை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான். "பாவம் மாஸ்டர். நாம பெரிய தப்புப் பண்ணிட்டோம்."

"ஒரு பதிலாவது போட்டு அனுப்பணும்" என்று மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார்.

பதில்கள் போக ஆரம்பித்தன. ஜவுளிக்கடைக்கு: "தங்கள் அழைப்பு கிடைத்தது. தற்சமயம் வேட்டிகள் நல்ல நிலையில் உள்ளன. கிழிந்ததும் வருகிறோம்." கடன் கம்பெனிக்கு: "கேட்காமலே கொடுக்க வந்து நிற்கிறீர்களே, வீட்டில் ஏதும் மனக்கஷ்டமா?" முடி வளரும் எண்ணெய்க் கம்பெனிக்கு மயில்வாகனம் தன் தலையைப் போட்டோ எடுத்து அனுப்பி, "இதற்கு மேல் வளர்ந்தால் சாம்பாரில் விழும்" என்று எழுதினான்.

பதில் போட்ட பிறகு ஒவ்வொன்றாக அழித்தார்கள். ஒன்று எழுந்த அடுத்த நொடியில், "உங்கள் மெயில் கிடைத்தது, விரைவில் தொடர்பு கொள்கிறோம்" என்று அதே கம்பெனியிலிருந்து இன்னொன்று வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது.

"மரியாதை தெரிஞ்சவங்க" என்றான் சோலைமலை. "நாம போட்டு முடிக்கல, பதில் வந்திருச்சு."

"அதுக்கும் ஒரு பதில் போடு. அவசரமில்லை, சாவகாசமாத் தொடர்பு கொள்ளச் சொல்லு."

அதற்கும் பதில் வந்தது. பொழுது சாய்கிற வரைக்கும் இரண்டு பக்கமும் மாறி மாறி மரியாதை நடந்தது. பெட்டி காலையில் எப்படி நிறைந்திருந்ததோ அப்படியே நிறைந்திருந்தது. பூமிநாதன் மட்டும் போனையே பார்த்துக்கொண்டு, "தெய்வானைக்கு இடம் கெடைக்குமா மாஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சனிக்கிழமை மறுபடி மரகதத்திடம் போனார்கள். அவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்றவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். பிறகு, "யாருக்கும் பதில் போடாதீங்க. ஏதாவது முக்கியமானது இருந்தா ஒரு நகல் எடுத்து வச்சுக்கிட்டு, அழிச்சிருங்க" என்றாள்.

எது முக்கியம் என்று கொட்டகையில் விவாதம் நடந்தது. எல்லாமே ஒருவர் மெனக்கெட்டு எழுதியதுதான் என்பதால் எல்லாமே முக்கியம் என்று முடிவானது. நகலை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி.

"பத்திரமான இடமா இருக்கணும்" என்றார் மாஸ்டர்.

"நம்ம பொட்டியிலேயே வச்சிரலாம்" என்றான் மயில்வாகனம். "அதைவிடப் பத்திரமான இடம் ஏது? ரெண்டு நாளா நாம கும்பிட்டுக் கூப்பிட்டும் ஒரு மெயில் உள்ள நுழைய முடியலையே."

இவ்வளவு தெளிவாகப் பேசக்கூடியவன் காய் வெட்டிக்கொண்டிருக்கிறானே என்று மாஸ்டருக்கு வருத்தமாக இருந்தது. ஒவ்வொரு மெயிலையும் தங்கள் பெட்டிக்கே ஒரு நகல் அனுப்புவது, பிறகு மூலத்தை அழிப்பது, அந்த இடத்தில் நகல் வந்து உட்காருவது என்று மத்தியானம் வரை வேலை நடந்தது. வேலை சுத்தமாக இருந்தது. பெட்டியும் நிறைவாக இருந்தது.

பூமிநாதன் அழுதுவிட்டான். சத்தம் போட்டு இல்லை. வெங்காயம் உரிக்கிற இடத்தில் போய் உட்கார்ந்து அழுதான். அவனையே பார்த்துக்கொண்டிருந்த மயில்வாகனம், போனில் எதையோ அமுக்கிவிட்டான். எல்லா மெயிலும் ஒரேயடியாக அழிந்தன. பெட்டி காலி.

நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள். கழுவி விட்ட மண்டபம் மாதிரி இருந்தது. இத்தோடு போனை வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதையை நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

"ஆபத்து" என்றார் மாஸ்டர். "முன்வரிசையே காலியாக் கெடக்கு. நாளைக்குத் தெய்வானை வர்றதுக்குள்ள எவனாவது வந்து உக்காந்துருவான்."

"அந்த எண்ணெய்க்காரன் வாசல்லயேதான் நிப்பான்" என்றான் மயில்வாகனம்.

"இதுக்கு என்ன யோசனை? முக்கியமானவங்க வர்ற வரைக்கும் பந்தியில நாம எப்படி இடம் பிடிப்போம்?"

"துண்டு போட்டு."

நாலு பேரும் தோளிலிருந்த துண்டை எடுத்து விரித்துப் போட்டோ எடுத்தார்கள். கோஷ்டியின் பெட்டிக்கே அனுப்பினார்கள். ஒரு துண்டு போட்டால் ஒரு இடம். தெய்வானை ரெண்டு வரி எழுதுவாளோ, பத்துப் பக்கம் எழுதுவாளோ, யார் கண்டது? இடம் தாராளமாக இருக்கட்டும் என்று துண்டை முன்னும் பின்னும், மடித்தும் விரித்தும் எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பெட்டி துண்டுகளால் நிறைந்து, இனி ஒரு மெயிலும் வராது என்று அறிவிப்பு வந்த பிறகுதான் மாஸ்டருக்கு மூச்சு வந்தது. "இனிமே எவனும் உக்கார முடியாது" என்றார்.

விருந்தாளிக்கு இடத்தைச் சொல்ல வேண்டும் அல்லவா. உள்ளே வருவதற்குத்தான் தடை, வெளியே போவதற்கு இல்லை. அதனால் செல்லப்பாண்டியிடம் முகவரி வாங்கி, பூமிநாதன் தெய்வானைக்குத் தன் கையால் எழுதினான்: "உங்களுக்காக இடம் பிடித்து வைத்திருக்கிறேன். நீலக் கரை போட்டது என் துண்டு. நீங்கள் வர எவ்வளவு நேரமானாலும் வேறு யாரையும் உட்கார விடமாட்டேன்." கூடவே துண்டின் போட்டோ.

ஞாயிற்றுக்கிழமை தெய்வானை போட்ட மெயில், துண்டுகளில் முட்டி மறுபடி திரும்பிப் போயிற்று.

ஆனால் அதற்கு முன்பே துண்டு மஸ்கட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வார்டில் ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் நின்று அவள் அதைப் படித்திருக்கிறாள். படித்துவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தாள். "பதினாலு வருசமா பஸ்ஸு, ஏர்போர்ட்டு, ஆஸ்பத்திரின்னு எல்லா இடத்துலயும் நின்னுக்கிட்டே இருந்திருக்கேண்ணே. எனக்குன்னு யாரும் துண்டு போட்டு வச்சதில்ல. நான் கையெழுத்துப் போடல. ஊருக்கு வர்றேன்."

நியாயமாகப் பார்த்தால் இங்கே சுபம் போட்டு முடிக்க வேண்டும். இவர்கள் விட்டால்தானே.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் செல்லப்பாண்டி, "சாப்பாட்டுக்கு என்னென்னன்னு தங்கச்சிக்கு ஒரு மெயில் போட்டிருங்க" என்று சொல்லியிருந்தார். சாம்பார் என்று எழுதினால் அது எந்தச் சாம்பார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பருப்பு ஊறப் போட்டதிலிருந்து கொத்தமல்லி தூவுகிற வரைக்கும் முழுசாக வீடியோ எடுத்து அனுப்பினார்கள். ரசம், கூட்டு, பாயசம் எல்லாமும் அப்படியே. அவியல் மட்டும் இரண்டு தடவை, முதல் தடவை உப்புக் குறைந்துவிட்டதால்.

முகூர்த்த வேளை வந்தது. மணவறையில் பூமிநாதனும் தெய்வானையும் உட்கார்ந்திருந்தார்கள். மேளக்காரர் கையை ஓங்கினார். அடுக்களையிலிருந்து கரண்டியோடு மாஸ்டர் வந்தார்.

"கொஞ்சம் நிறுத்துங்க. அந்த மெயில் வந்திருச்சா?"

"எந்த மெயிலு?" என்றார் செல்லப்பாண்டி.

"நீங்கதானே சொன்னீங்க. பொண்ணு மெயில் வரணும், மாப்பிள்ளை பதில் போகணும், அப்புறம்தான் தாலின்னு. நாளைக்கு நாலு பேரு கேட்டா நாங்க என்ன பதில் சொல்றது?"

செல்லப்பாண்டி தலையில் அடித்துக்கொண்டார். தெய்வானை அடித்துக்கொள்ளவில்லை, அவளுக்கு இதற்குள் இவர்கள் போக்கு பிடிபட்டுவிட்டது. அண்ணியின் கைப்பையிலிருந்த தன் போனை வாங்கி, மணவறையிலேயே மெயில் போட்டாள். அது திரும்பி வந்தது. துண்டுகள் போட்டது போட்டபடியே கிடந்தன.

"ஓரத்துத் துண்டு ஒண்ணை எடு" என்றார் மாஸ்டர். மயில்வாகனம் எடுத்தான். எடுத்த இடத்தில் எண்ணெய்க் கம்பெனி வந்து உட்கார்ந்தது. "நான் சொன்னேன்ல" என்றான் மயில்வாகனம்.

தெய்வானை கோஷ்டியின் போனைத் தானே வாங்கி, துண்டுகளையும் எண்ணெயையும் மொத்தமாக அழித்துவிட்டு, மறுபடி போட்டாள். இந்தத் தடவை போய்ச் சேர்ந்தது. பூமிநாதன் படித்தான்: "எனக்குச் சம்மதம். உங்களுக்கு?" அவனுக்குக் கண் நிறைந்து எழுத்து தெரியவில்லை. துடைத்துக்கொண்டு, "சம்மதம்" என்று ஒவ்வொரு எழுத்தாக அமுக்கி, பக்கத்தில் இருந்தவளுக்கு அனுப்பினான்.

பதில் திரும்பி வந்தது. தெய்வானையின் பெட்டி நிறைந்திருந்தது. உள்ளே சாம்பார்.

"ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு அவள் மணவறையை விட்டு எழுந்தாள். சிக்னல் நன்றாகக் கிடைக்கிற வாசல் பக்கம் போய், சாம்பாரை அழித்து, கூட்டை அழித்து, அவியலை இரண்டு தடவை அழித்தாள். பூமிநாதன் பதிலை மறுபடி அனுப்பினான். நேரம் போய்க்கொண்டிருந்தது. முகூர்த்தம் தப்பிவிடப் போகிறதே என்று சொந்தக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். பூமிநாதன் தன் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தான். தோளிலிருந்த நீலக் கரைத் துண்டை எடுத்து அதில் விரித்தான். சோலைமலையைக் காவலுக்கு நிறுத்தினான்.

தெய்வானை ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தாள். "பதில் வந்திருச்சு. மேளத்தைக் கொட்டச் சொல்லுங்க" என்று உட்காரப் போனாள். சோலைமலை கையை நீட்டி மறித்தான்.

"இங்க ஆள் வருதும்மா. துண்டு கெடக்குது பாருங்க."

"யாருக்குப் போட்டது?"

"பொண்ணுக்கு."

"நான்தான்யா பொண்ணு."

சோலைமலை மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் கரண்டியைத் தாடையில் வைத்து யோசித்தார். பிறகு தன்மையாகச் சொன்னார்:

"அதை ஒரு மெயில்ல போட்டிருங்கம்மா."